யாருகிட்டப் பேசுறீங்க?

மே 11, ஞாயிறு

இந்த டைரி எனக்கு வந்தது இல்லை. அட்டையில் தங்க எழுத்தில் 'நூர் எலெக்ட்ரிகல்ஸ், திருமங்கலம்' என்று இருக்கிறது. முதல் பக்கத்தில் பேனாவால் 'ஒயர்மேன் சௌந்தரபாண்டி அவர்களுக்கு' என்று இருக்கிறது. காதர் பாய் தன் கடையில் சாமான் எடுக்கும் ஒயர்மேன்கள் எல்லாருக்கும் வருசா வருசம் ஒரு டைரி தருவார். பட்டியலில் எங்க வீட்டுக்காரர் பேரை அடிக்க இந்த வருசம் மறந்துவிட்டார். பொங்கலுக்கு முன்னால் கடைப் பக்கம் போனவளிடம் எடுத்து நீட்டிவிட்டு, பேரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைச்சுக்காதம்மா."

"குடுங்க பாய். போன இடத்துல அவருக்கும் பொழுது போகணும்ல. அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

பாய்க்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனுசர்களை அப்படித் திண்டாட வைப்பதில் எனக்கு ஒரு சந்தோசம். என் பேர் பஞ்சவர்ணம். தெருவில் வாயாடி என்றால்தான் தெரியும்.

நாலு மாசம் சும்மா கிடந்த டைரியில் எழுதச் சொன்னது என் மகள் சுபி. அவள் முழுப் பேரில் நடுவே ஒரு எழுத்து வரும், அது எனக்கு எழுத வராது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அந்த எழுத்து ஆறாம் வகுப்பில் இருந்திருக்கும். அதனால் சுபி.

"யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம சிரிச்சுக்கிட்டே திரியுறம்மா. பார்க்கப் பயமா இருக்கு. இதுலயாவது எழுது."

"என்னத்த எழுத?"

"என்ன நடந்துச்சோ அத."

இன்று நடந்தது: எட்டுப் படி அரிசி ஊற வைத்தேன். நாலு நடை அரைத்தேன். இட்லி மாவு பத்து மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிட்டது. போன வியாழன் சுபி பிளஸ் டூ பாஸ். அவள் அப்பா போய் ஆறு மாசம் ஆகப்போகிறது.

மே 14

பி.காம். என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும் என்று எதிர்வீட்டு டீச்சர் சொன்னார். ஃபேனுக்குக் கீழே. ஃபேனை மாட்டுகிற வேலை இல்லை.

சுபி வாயைத் திறக்கவில்லை. என் வயிற்றில் பிறந்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன அர்த்தம்? எதையோ மறைக்கிறாள்.

மே 19

மறைத்தது வெளியே வந்துவிட்டது. அவர் சாமான் பையைத் துடைத்து வைக்கிறேன் என்று எடுத்தவள், உள்ளே மடித்திருந்த ஒரு ஐ.டி.ஐ. நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினாள். பின்பக்கம் பென்சிலில் அவர் எழுத்து. 'சுபி, ஒயர்மேன், 2 வருசம்.'

"அப்பா எனக்காக வாங்கி வச்சிருக்காரும்மா. உங்கிட்டச் சொன்னாரா?"

"எங்கிட்ட எங்க சொல்வாரு? நான்தான் வாயாடியாச்சே, ஊருக்கே சொல்லிருவேன்."

"நானே கேக்கணும்னுதான் இருந்தேன். கேக்குறதுக்குள்ள அவரு போயிட்டாரு. நான் ஒயர்மேன் கோர்ஸ்தான் சேரப்போறேன்."

"பொம்பளப் பிள்ளை ஏணியில ஏறி நின்னா எந்த மாப்பிள்ளைடி வருவான்?"

"ஏணியைப் பிடிக்க ஒருத்தன் வருவாம்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை. சிரித்தபடியே அடுப்படிக்குப் போய் வெந்தய டப்பாவை எடுத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தேன். மாவுக்கு வெந்தயம் வேண்டியிருந்தது என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 2

அரைத்துக்கொண்டிருக்கும்போதே கிரைண்டர் நின்றுவிட்டது. பியூஸ் போயிருந்தது. பாதி அரைந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்னெல்லாம் இந்தத் தெருவில் யார் வீட்டில் பியூஸ் போனாலும் நான்தான் போய்க் கட்டிக் கொடுப்பேன். வெள்ளைப் பீங்கான் கட்டையை உருவி, கருகிய கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி முறுக்கினால் முடிந்தது. இப்போது போர்டு பக்கம் போவதில்லை. வயசாகிவிட்டது, நாற்பத்தைந்து.

சுபி வந்து கட்டையை உருவினாள். கம்பி எடுக்கப் போனவள் கட்டையை என்னிடம் நீட்டினாள்.

"புடிம்மா. அப்பா உங்கிட்டத்தானே குடுப்பாரு."

"கையெல்லாம் மாவுடி" என்றேன்.

அவள் சொன்னது சரி. மற்ற ஒயர்மேன்கள் கட்டையை உருவித் தங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள், வேறு யாரும் மாட்டிவிடக் கூடாதென்று. எங்க வீட்டுக்காரர் என் கையில் தருவார். "என் உசுரு உன் மடியில, பஞ்சு" என்பார். நான் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு போர்டுக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். மதியத்துக்கு மேல் மாவு வேலை இல்லை, அதனால் பாதி நாள் அவரோடு போவேன். வேலை முடிந்ததும் மேலே இருந்து ஒரு சொல் சொல்வார். சொன்னவுடன் மாட்டிவிடுவேனா நான்?

"யாருகிட்டப் பேசுறீங்க?" என்று கேட்பேன்.

அவர் மரியாதையாக, "ஏ.இ. மேடம்" என்று சேர்த்து, அதே சொல்லை இன்னொரு தரம் சொல்ல வேண்டும். ஏ.இ. என்றால் கரண்ட் ஆபீசில் பெரிய அதிகாரி. ஐந்தாம் வகுப்புக்காரிக்கு அந்தப் பதவியைக் கொடுத்தவர் அவர்தான். வேலை நடக்கும் வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். ஒருநாள் வேண்டுமென்றே மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் சொன்னார் மனுசன், வெயிலில் நின்றுகொண்டு.

ஜூன் 3

நேற்று என் கையில் மாவு இல்லை.

ஜூன் 20, வெள்ளி

சீட் கிடைத்துவிட்டது. ஒயர்மேன் பிரிவில் இருபது பேர், அதில் பெண் பிள்ளைகள் இரண்டு. கடைசி வரைக்கும் ஏதாவது ஒரு சர்டிபிகேட் குறையும் என்று வேண்டிக்கொண்டே கூடப் போனேன். எல்லாம் இருந்தது. அவள் அப்பா பத்திரப்படுத்தி வைத்த பிளாஸ்டிக் உறையில் அத்தனையும் இருந்தது.

ஆபீசில் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, பொண்ணு கஷ்டமான வேலையாப் பார்த்து எடுத்திருக்கு. உங்களுக்குச் சம்மதம்தானா?"

"என் சம்மதம் கேட்டு இந்த வீட்டுல எந்தக் கரண்ட் வந்துச்சு சார்?" என்றேன்.

கையெழுத்து கேட்ட இடத்தில் 'பஞ்சவர்ணம்' என்று எழுதினேன்.

ஜூலை 6

யூனிபாரம் தைக்கக் கொடுத்தோம். டெய்லர், "பொம்பளப் பிள்ளைக்குச் சட்டையில பாக்கெட் எதுக்கு?" என்றார். "பெரிசா வேணும். பட்டன் வச்சு மூடுற மாதிரி" என்றாள் சுபி. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "காப்பி போடும்மா" என்றாள். கலக்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ இப்பெல்லாம் 'போடு'ன்னே சொல்ல மாட்டேங்குற? காப்பி கலக்குறேங்குற. தோசை ஊத்துறேங்குற. நேத்துக் கோலம் 'வைக்கிறேன்'னு சொன்ன. கோலத்த யாராவது வைப்பாங்களா?"

"அஞ்சாம் வகுப்புல அந்தப் பாடத்த நடத்தலடி."

சிரித்தாள். நானும் சிரித்தேன். தம்ளரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூலை 13

பெயின்டர் சேவுகன் மாவு வாங்க வந்தார். எங்க வீட்டுக்காரர் போன அன்று அதே வீட்டில் கீழ்ச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர். எட்டு மாசமாக என் முகத்தைப் பார்க்காமல் வேறு தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். இன்று தூக்குவாளியோடு வாசலில் நின்று அழுகிறார்.

"அண்ணன் கடைசியாப் பேசுனது எங்கிட்டத்தான் தங்கச்சி. ஏணியில நின்னுக்கிட்டு, டேப்பைக் காட்டி, 'போடு'ன்னாரு. இன்சுலேசன் டேப். தூக்கிப் போட்டேன். அதைப் பிடிக்கக் கைய நீட்டுனாரு. அப்பத்தான்... நான் போடாம ஏறிப்போய்க் கையில குடுத்திருந்தா அவரு நிலை தடுமாறி ஒயர்ல கை வச்சிருக்க மாட்டாருல்ல?"

"அழுதா மாவு புளிச்சுரும்ணே" என்றேன்.

ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினேன். இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். வாளி வழிந்தது.

ஜூலை 21, திங்கள்

வகுப்பு ஆரம்பம். நீலச் சட்டையில் அவளைப் பார்த்ததும், "மின்சார வாரியத்துக்குப் புது மந்திரி வந்துட்டாங்க" என்றேன். அப்பாவின் டெஸ்டரைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு போனாள். தெருமுனை திரும்பும்வரை நின்றேன்.

ஜூலை 24

சாயங்காலம் வந்தவள் என்னவெல்லாமோ சொல்கிறாள். பேஸ், நியூட்ரல், எர்த். ஞானதுரை சார் நன்றாகச் சொல்லித் தருகிறாராம். பேசிக்கொண்டே இருந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"கட்டையை உருவுனா சொந்தப் பாக்கெட்லதான் வைக்கணும்னாரு சார். அப்பா உங்கிட்டல்ல குடுப்பாரு. அன்னைக்கு ஏம்மா குடுக்கல?"

"மறந்திருப்பாரு."

"இருபது வருசத்துல ஒரு நாளும் மறக்கலையே."

"அதான் ஒரு நாள் மறந்தாரு" என்றேன்.

சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது.

ஜூலை 29

அவள் குளிக்கும்போது பையில் இருந்து நோட்டு விழுந்தது. எடுத்து வைக்கப் போனவள் பிரித்தேன். பாதுகாப்பு விதிகள் என்று மேலே எழுதி, வரிசையாக நம்பர். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நாலாம் நம்பரில் இருந்தது இது:

'4. பியூஸ் கட்டையை உருவாமல் ஏணியில் ஏறக்கூடாது. எடுத்துக்காட்டு: நம் ஊரில் 22 வருட அனுபவம் உள்ள ஒரு ஒயர்மேன் உருவ மறந்து உயிரிழந்தார். காரணம்: கவனக்குறைவு.'

க, வ, ன, க், கு, றை, வு. ஏழு எழுத்து.

அந்த சாருக்கு இவள் யார் மகள் என்று தெரியாது. அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதியிருக்கிறாள். குண்டுகுண்டாக, அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல்.

குளித்துவிட்டு வந்து, "என்னம்மா, பசிக்குது" என்றாள். தோசை ஊற்றினேன்.

ஆகஸ்ட் 6

மூன்று நாளாகச் செய்முறை வகுப்பில் அவளால் போர்டைத் தொட முடியவில்லையாம். கை நடுங்குகிறதாம். கட்டையை உருவி, பாக்கெட்டில் வைத்து, பட்டனையும் மூடிய பிறகும், உருவினோமா உருவினோமா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறாளாம். கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கிறார்களாம்.

"அப்பாவே மறந்துட்டாருன்னா நான் எம்மாத்திரம்மா. அவரு கையத்தான் நான் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன். அந்தக் கையே ஏமாத்திருச்சு. நீ சொன்ன மாதிரி அடுத்த வருசம் பி.காம். சேர்ந்துக்கிறேன்."

நான் வேண்டிக்கொண்டது இதுதான். ஏணி வேண்டாம், ஃபேனுக்குக் கீழே உட்காரட்டும் என்று எத்தனை நாள் வேண்டினேன். கேசரி கிளறினேன். முந்திரியும் சேர்த்தேன்.

"எதுக்கும்மா கேசரி?" என்றாள்.

ஒரு தட்டில் வைத்து அவள் முன்னால் நகர்த்தினேன்.

ஆகஸ்ட் 7

கேசரி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 8

அவர் சாமான் பையைக் காணோம். கேட்டால், காதர் பாய் கடையில் கொடுத்துவிட்டு வந்தாளாம்.

"எதுக்குடி?"

"அங்க வர்ற யாருக்காச்சும் குடுக்கச் சொன்னேன். ஒழுங்கா வேலை செய்யுறவங்க யாராச்சும் வச்சுக்கட்டும்."

ஒழுங்கா வேலை செய்யுறவங்க.

அவர் கட்டின பியூஸ் ஒன்றுகூட ஒரு மழைக்கும் போனதில்லை. ஒயரில் ஒரு ஜாயின்ட் அடித்தால் அதன்மேல் விரலால் தடவிப் பார்ப்பார், பிள்ளையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி. மூன்று தரம் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுவார். அவர் மகள் இப்படிச் சொல்கிறாள். சொல்ல வைத்தது நான்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று மாவு அரைக்கவில்லை. என்ன நடந்துச்சோ அத எழுது என்றாள். எழுதுகிறேன்.

போன வருசம் கார்த்திகை ஆறு, வியாழன். காலையில் அந்த ஐ.டி.ஐ. நோட்டீஸைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "சுபி கை ஒயர்மேன் கை, பஞ்சு. படிக்க வைப்போம்" என்றார். எங்கிட்ட எங்க சொல்வாரு என்று மே மாசம் அவளிடம் சொன்னேனே, அது பொய். முதலில் எங்கிட்டத்தான் சொன்னார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். பெற்ற பிள்ளையை ஏணியில் ஏற்றி ஊருக்கு வேடிக்கை காட்டப் போகிறீர்களா என்றேன். அவர் நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இனி இவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். இருபது வருசத்தில் அந்த அரை நாள்தான் நான் அவரோடு பேசாமல் இருந்தது.

மதியம் ஒரு பழைய வீட்டில் வேலை. பேசாவிட்டாலும் கூடப் போனேன். மாடியில் வெளிச்சுவருக்கு ஒரு விளக்கு வைக்க வேண்டும். மெயினை நிறுத்தினால் கீழே ஃபேன் நின்றுவிடும், வீட்டில் வயசானவர் படுத்திருக்கிறார் என்று, மாடிக்கு உரிய கட்டையை மட்டும் உருவினார். உருவி என் கையில் கொடுத்தார். அவர் மறக்கவில்லை. வழக்கம்போல, "என் உசுரு உன் மடியில" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கி முடிந்துகொண்டேன். போர்டுக்குக் கீழே உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவர் தெரிய மாட்டார். குரல் மட்டும் வரும்.

கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து, "போடு" என்றார்.

யாருகிட்டப் பேசுறீங்க என்று கேட்க வேண்டும். இருபது வருசமாகக் கேட்டது. கேட்டால் நான் பேசினதாக ஆகிவிடும், நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு கட்டையைப் போட்டேன்.

அவர் சொன்னது சேவுகனிடம். டேப்பைப் போடு என்று.

விளையாட்டு விபரீதமாச்சு என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அப்படி இல்லை. என் ஆயுசில் ஒரு நாள் நான் விளையாடவில்லை. அன்றுதான் போனார்.

சத்தம் கேட்டதும் கட்டையை உருவிவிட்டு ஓடினேன். எல்லாரும் ஓடிவந்தபோது கட்டை என் கையில் இருந்தது. "நல்லவேளை, இந்தப் பொம்பளைக்காவது புத்தி வேலை செஞ்சுச்சு, ஓடிப்போய்க் கட்டையைப் புடுங்கிட்டா" என்றார்கள். "புடுங்காமயா ஏறுனான் பாண்டி?" என்றார்கள். அப்படியில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போலீஸ்காரர் குறித்துக்கொண்டபோது, "மறந்துட்டார் போல" என்றேன். ஊர் அதன்பிறகு சொன்னதுதான். முதலில் சொன்னது நான்.

அதே நாள், மதியம்

வெந்தய டப்பாவைக் கொண்டுபோய் சுபி முன்னால் கவிழ்த்தேன். வெந்தயத்துக்கு நடுவே அந்த வெள்ளைக் கட்டை விழுந்தது. ஒரு மூலையில் கருப்பு.

"இது எங்க இருந்தும்மா?"

சொன்னேன். சிரிக்காமல் சொன்னேன். அவள் வெந்தயத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் சேர்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முதலில் ஒன்று கேட்டாள்.

"திருப்பிக் கேக்கலையாம்மா?"

"கேக்கல."

"நீ எப்பவும் கேப்பியேம்மா."

"கேப்பேன்."

டப்பாவை அழுத்தி மூடிவிட்டு, "எதுக்குச் சண்டை?" என்றாள்.

"சாம்பார்ல உப்பில்லைன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு."

நான் இன்று சொன்னதில் இது ஒன்றுதான் பொய். உப்புக்காக அப்பாவைக் கொன்றவள் என்று அவள் என்னை நினைக்கட்டும். தனக்காக நடந்த சண்டை என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு வயசு பதினேழுதான். இந்த டைரியை இனி அரிசி டிரம்முக்குள் வைக்க வேண்டும்.

கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 11

ஐ.டி.ஐ.க்குப் போனாள். போகிற வழியில் பாய் கடையில் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாளாம். பாய்தான் சொன்னார். அவள் என்னோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 12

பேசவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடுகிறாள். தட்டைக் கழுவி வைக்கிறாள்.

ஆகஸ்ட் 14

ஐ.டி.ஐ.க்குப் போய் ஞானதுரை சாரைப் பார்த்தேன். வாசல் மரத்தடியில் நிற்க வைத்தே எல்லாம் சொன்னேன்.

"நாலாம் நம்பரை அடிச்சிருங்க சார். அவரு உருவுனாரு. கேக்காம மாட்டுனது நானு. இதுக்கு என்னைப் புடிச்சுக் குடுக்கணும்னாலும் குடுங்க. நாளைக்கு ஒரு மாவு ஆர்டர் இருக்கு, அத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டு வந்துர்றேன்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பிள்ளை அவரு மகளா? நான் எடுத்துக்காட்டுச் சொல்லச் சொல்ல அது எழுதிக்கிட்டுல்லம்மா இருந்துச்சு."

"நல்லா எழுதியிருந்துச்சு சார். அடித்தலே இல்ல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திரும்பும்போது சேவுகன் வீட்டுக்கும் போனேன். எங்க வீட்டுக்காரர் போனது டேப்பால் இல்லை, என்னால் என்றேன். சேவுகன் என் காலில் விழ வந்தார். யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும். ஒருவரும் திட்ட மாட்டேன் என்கிறார்கள்.

ஆகஸ்ட் 16

நோட்டு மேசைமேல் விரித்தபடி இருந்தது. நான் பார்க்கட்டும் என்றுதான் வைத்திருக்க வேண்டும். நாலாம் நம்பரை ஸ்கேல் வைத்து அடித்திருந்தாள். கீழே புதிதாக:

'4. உருவிய பியூஸ் கட்டையை யாரிடமும் கொடுக்கக் கூடாது. எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.'

எழுத்துக் கூட்டிப் படித்தேன். ரொம்ப சரியான விதி.

ஆகஸ்ட் 18

பேசவில்லை. கை நடுக்கம் நின்றுவிட்டதாக அவளோடு படிக்கிற பிள்ளை மாவு வாங்க வந்தபோது சொன்னது. வகுப்பிலேயே இவளுடைய ஜாயின்ட்தான் நன்றாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசல் விளக்கு போன ஐப்பசியில் இருந்து எரிவதில்லை. அவர் இருந்தவரை ஊருக்கெல்லாம் விளக்கு வைத்தார், எங்க வீட்டு ஹோல்டரை மாற்ற நேரம் வரவில்லை. சுபி யூனிபாரத்தைக்கூட மாற்றாமல் ஏணியை எடுத்துவந்து வாசல் சுவரில் சாய்த்தாள். நான் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

உள்ளே போய்க் கட்டையை உருவிக்கொண்டு வந்தாள். என் கை தானாக நீண்டது. இருபது வருசப் பழக்கம், நான் என்ன செய்ய? உள்ளங்கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன், பிச்சை கேட்கிற மாதிரி. அவள் என் கையைப் பார்த்தாள். கட்டையைத் தன் பாக்கெட்டில் வைத்தாள். பட்டனை மூடினாள். அதன்மேல் ஒரு தரம் தட்டிப் பார்த்தாள்.

அதுதான் சரி. கையை எடுத்துத் திரும்பவும் ஏணியில் வைத்துக்கொண்டேன்.

ஏறினாள். டெஸ்டர் வைத்துப் பார்த்தாள், மூன்று தரம். பழைய ஹோல்டரைக் கழற்றி, கம்பியைச் சீவி, புதிதை மாட்டினாள். டேப் சுற்றி முடித்ததும் அதன்மேல் விரலால் தடவினாள். அந்தத் தடவலை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. எனக்குக் கண் மறைத்தது. ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

இறங்கினாள். ஏணியை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போர்டுக்குப் போனாள். நான் வாசலில். அங்கிருந்து அவளுக்கு நான் தெரிய மாட்டேன், குரல் மட்டும்தான் போகும்.

உள்ளே இருந்து, "போடட்டா?" என்றாள்.

பதினோரு நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு.

மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். தெருவில் யாரும் பக்கத்தில் இல்லை. எதன் மேலும் யார் கையும் இல்லை. அந்தச் சொல் ஒன்பது மாசமாக என் வாயில் வரவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை.

"போடு" என்றேன்.

விளக்கு எரியவில்லை. கட்டை போகிற சத்தமும் இல்லை. ஹோல்டரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். வாசல் வழியாகப் பால்காரர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார். அப்புறம் உள்ளே இருந்து குரல் வந்தது. அதில் விளையாட்டு இல்லை. அழுது முடித்த குரல்.

"யாருகிட்டப் பேசுறீங்க?"

ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதில் யாரும் இல்லை என்றாலும் பிடித்துக்கொண்டேன்.

"போடுங்க ஏ.இ. மேடம்."

விளக்கு எரிந்தது. இன்னும் வெயில் இருந்ததால் எரிவது சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எரிந்தது.

வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கை கால் கழுவுகிற சத்தம் கேட்டது.

"காப்பி போடும்மா" என்றாள்.

போட்டேன்.